ஆரஞ்சுப் பரீட்சையில் பாதி தேறிய செயலி

சொற்பிறப்பு அகராதி எது கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ஆரஞ்சைத்தான். மெய்ப்புத் திருத்தும் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் மற்றதை நம்புவேன்.

சொற்களின் பிறப்பைக் காட்டும் இந்தச் செயலியில் சொல்லைத் தட்டினால் ஐரோப்பா வரைபடம் விரிகிறது. ஒரே வேர்ச்சொல் வழங்கும் நாடுகளுக்கு ஒரே நிறம். ஸ்பெயினில் நரான்ஹா, போர்ச்சுகலில் லரான்ஜா, இத்தாலியில் அராஞ்சா எல்லாம் ஒரு நிறம். இத்தாலியில் முதல் 'ந' எங்கே போனது? 'ஒரு' என்ற பொருளில் முன்னால் வரும் 'உனா' அதை விழுங்கிவிட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அருமை. நெதர்லாந்தைத் தொட்டால் சினாஸ்ஆப்பெல், ரஷ்யாவில் அபெல்சீன். இரண்டுக்கும் பொருள் 'சீன ஆப்பிள்'. கிரேக்கத்தில் போர்தோகாலி. இனிப்பு ஆரஞ்சைக் கொண்டுவந்து விற்ற போர்ச்சுகலின் பெயரையே பழத்துக்கு வைத்துவிட்டார்கள்! அரைமணி நேரம் இதிலேயே போனது.

அப்புறம்தான் சறுக்கல். பிரான்சின் தெற்கே ஆரஞ்சு என்று ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அது அராவ்சியோ. பழத்துக்கும் அதற்கும் பிறப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டச்சு அரச குடும்பத்தின் 'ஆரஞ்சு' என்ற பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. செயலியோ ஊரையும் பழத்தையும் ஒரே கோட்டில் கட்டிவிட்டது. இன்னொரு குறை என்னை அதிகம் உறுத்தியது. பாரசீகத்தின் நாரங், அதற்கு முன் சமஸ்கிருதத்தின் நாரங்க என்று போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கும் பின்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கலாம் என்று நல்ல அகராதிகள் சொல்கின்றன. நம் நாரத்தை அதன் உறவுக்காரி. அதற்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

திருத்தம் எழுதி அனுப்பினேன். 'நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

'கிஃப்ட்' பக்கம் பரவாயில்லை. ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு, ஸ்வீடனில் நஞ்சும் உண்டு, 'மணமானவர்' என்ற பொருளும் உண்டு. மூன்றும் 'கொடுத்தல்' என்ற ஒரே வினையிலிருந்து பிறந்தவை என்று விளக்குகிறது. உச்சரிப்பைக் கேட்கும் வசதி இருக்கிறது. ஆனால் இயந்திரக் குரல்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஆனாலும் போனிலிருந்து நீக்க மனம் வரவில்லை. நேற்று இரவு வண்ணத்துப்பூச்சியைத் தட்டினேன். பிரான்சில் பாப்பியோன், ஸ்பெயினில் மரிபோசா, இத்தாலியில் ஃபார்ஃபாலா, ஜெர்மனியில் ஷ்மெட்டர்லிங் என்று நாட்டுக்கொரு நிறம். கடைசிச் சொல் பாலாடையிலிருந்து வந்ததாம்.