பீங்கானில் கோணேசர் மலை: நான்கு வருடம் கழுவிப் பார்த்த அனுபவம்

அம்மா தினமும் தேத்தண்ணி குடிக்கும் கோப்பையில் திருகோணமலையின் கோணேசர் மலையும் அதன் அடியில் மோதும் கடலும் இருக்கின்றன. 2021இல் நான் வரைந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கழுவப்படும் கோப்பை அது. கடலின் நீலம் இன்னும் அப்படியே நிற்கிறது. பாறையின் மேல் நிற்கும் மானுக்குத்தான் ஒரு காலைக் காணவில்லை. "பிள்ளை, மான்ர கால் எங்க?" என்று போன மாதம் அம்மா கேட்டபோதுதான் நானே கவனித்தேன்.

நான் பாவிப்பது வீட்டு அவனிலேயே (oven) சுடக்கூடிய, தண்ணீரில் கரையும் நிறம். வரைந்து 24 மணிநேரம் காயவிட வேண்டும். பிறகு சூடாக்காத அவனுக்குள் கோப்பையை வைத்து, 150 பாகை செல்சியஸை எட்டியதிலிருந்து 35 நிமிடம் எண்ண வேண்டும். ஆறும்வரை கதவைத் திறக்கக்கூடாது. தொழிற்சாலைகளில் மெருகின் (பீங்கானின் கண்ணாடி போன்ற மேற்பூச்சு) மேல் தீட்டும் நிறம் 800 பாகையை அண்டிய சூட்டில் உருகி மெருகோடு ஒன்றாகிவிடும். இது அப்படியல்ல, மேலே இறுகி ஒட்டிக்கொண்டு நிற்பது மட்டும்தான். அதனால் தும்பும் கம்பிப் பஞ்சும் ஆகாது. உதடு படும் விளிம்பில் இரண்டு விரலளவு வெறுமையாக விடுங்கள். சோறு கறி போடும் பீங்கானின் உட்பக்கத்தில் வரையவே வேண்டாம்.

கடல்தான் எனக்குப் பிடிபட நாளெடுத்தது. கடதாசி தண்ணீரைக் குடிக்கும், பீங்கான் குடிக்காது. தூரிகை போன தடமெல்லாம் தெரியும். காயாத நிறத்தில் மறுபடி தூரிகை பட்டால் கீழே இருப்பதும் வழித்துக்கொண்டு வந்துவிடும். முதல் வருடம் முழுக்க இதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஒரு சின்ன ஸ்பொஞ்சுத் துண்டால் ஒற்றிப் பார்த்தேன். தடம் மறைந்து, கொட்டியாரக்குடாவில் சித்திரை மாதக் காலைகளில் தெரியும் அந்த அசையாத நீலம் வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. ஆழமான இடங்களுக்கு ஒரு நாள் காயவிட்டு இரண்டாம் தடவை ஒற்றுகிறேன்.

நுரைக்கு வெள்ளை பூசுவதே இல்லை. நீலம் பாதி காய்ந்திருக்கும்போது ஈர்க்கு நுனியால் சுரண்டினால் பீங்கானின் வெள்ளையே நுரையாகிவிடும். அந்த மலையிலிருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கும் அதே வழிதான். முதலில் உடலைப் பழுப்பாகப் பூசிவிட்டு, அப்புறம் புள்ளிகளைச் சுரண்டி எடுக்கிறேன். பூசிய வெள்ளை என் அவனில் மெல்ல மஞ்சளித்தது, பீங்கானின் வெள்ளை மாறவில்லை. அவனின் முள் 150 காட்டும்போது உள்ளே 180 இருந்ததைத் தனியாக ஒரு வெப்பமானி வாங்கி வைத்த பிறகுதான் கண்டுபிடித்தேன். நீங்களும் முதலில் அதை வாங்குங்கள்.

தொடங்குமுன் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பதையும் விட்டுவிடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது. மாரி காலத்தில் 24 மணிநேரம் போதவே போதாது, நான் இரண்டு நாள் விடுகிறேன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீக்கிரம் காயும், ஆனால் தூசி வந்து ஒட்டும். ஒரு பெட்டியால் மூடி வைப்பேன்.

புறாத்தீவை வரைந்து சுவரில் மாட்டியிருக்கும் பீங்கானில் ஒரு மாற்றமும் இல்லை. அதை யாரும் கழுவுவதில்லையே.

சரி, மானின் கால். மலையும் கடலும் 2021இல் முழுதாகச் சுட்டவை. மானை 2022இல்தான் சேர்த்தேன். மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற காலம் அது. அவனில் வைத்து இருபது நிமிடம் ஆனபோது கரண்ட் போய்விட்டது. தொட்டுப் பார்த்தேன், இறுகித்தான் இருந்தது. போதும் என்று எடுத்துவிட்டேன். உடம்பில் நிறம் தடிப்பு, அது தாக்குப்பிடித்தது. மெல்லிய கோடாக இழுத்த கால் மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கிறது.

சுட்ட நிறத்தின் மேல் மறுபடி வரைந்து மறுபடி சுடலாம். நேற்று மானின் காலை வரைந்து பெட்டியால் மூடி வைத்திருக்கிறேன். நாளை மாலை சுட வேண்டும். அதுவரை அம்மா வேறு கோப்பையில் குடிக்கிறார்.