மாறுவேடக் கிரீடம்: அட்டையா, ஃபோம் தாளா?

கோலாலம்பூரில் பள்ளி மாறுவேடப் போட்டி நெருங்கினால் எழும் கேள்வி இது.

செலவு: அட்டைப்பெட்டியை மளிகைக் கடையில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். ஃபோமுக்கு, அதாவது மெத்தென்ற ஈ.வி.ஏ. தாளுக்கு, காசு வேண்டும், கைவினைக் கடைக்கும் அலைய வேண்டும்.

வேலை: பெட்டியின் நெளியட்டைக்குள் வரிவரியாக நெளிவுகள் இருக்கும்; வளைவு அந்த வரிகளுக்கு இணையாக விழுந்தால்தான் ஒழுங்காகச் சுருளும். மாற்றி வளைத்தால் மடிந்துவிடும். அந்தத் தழும்பை எந்தத் தங்கக் காகிதமும் மறைக்காது. ஃபோமைச் சூடான காற்றில் காட்டி வளைத்துப் பிடித்தால், ஆறியதும் அப்படியே நிற்கும். சூடு காட்டுவது பெரியவர் பொறுப்பு.

உறுதி: நம்மூர் மாலை மழை வேண்டாம், நெற்றி வியர்வையிலேயே அட்டை ஊறும். ஃபோமைத் துடைத்தால் போதும்; காற்றுதான் புகாது, உள்ளே பருத்தித் துணி ஒட்டுங்கள்.

பிள்ளையே வெட்டி வண்ணம் தீட்டும் ஒருநாள் வேடத்துக்கு அட்டை. எல்.ஆர்.டி. ரயில் நெரிசலில் ஏறி இறங்கி, அடுத்த ஆண்டு தம்பி தலைக்கும் போகவேண்டுமானால் ஃபோம்.