இன்சுலினை நிறுத்தச் சொல்லும் வாட்ஸ்அப் குழுக்கள்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் இருந்தால் இந்தப் பதிவை அவர்களிடம் காட்டுங்கள். "தொண்ணூறு நாளில் சர்க்கரையிலிருந்து விடுதலை" என்கிற மாதிரி விளம்பரங்கள் முகநூலிலும் யூடியூபிலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அப்படி ஒன்றைத் தட்டி, அது கொண்டுபோய் விட்ட வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த என் அத்தான் (அக்காவின் கணவர்) தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து எழுந்து வந்திருக்கிறார். பணம் போனது தனிக்கதை. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கும்போது வேண்டாம் என்கிறார் வழக்கறிஞர். பெயரைத் தெரிந்தும் பெரிய பயனில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அத்தான் ஏமாளி இல்லை. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காய்கறிக் கடைச் சீட்டைக்கூட இரண்டு முறை கூட்டிப் பார்ப்பவர். பதினாறு வருடச் சர்க்கரை, அதில் கடைசி ஐந்து வருடம் காலையும் இரவும் இன்சுலின். ஒல்லியான உடம்பு, 58 கிலோ. இந்த எடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அவர் அந்தக் குழுவுக்குப் போனதற்கு அவருடைய டாக்டரும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஊரில் பெயர் பெற்ற மருத்துவமனைதான். டோக்கன் வாங்கிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தால் உள்ளே மூன்று நிமிடம் கிடைக்கும். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். "ஊசி அளவு ஏறிக்கொண்டே போகிறதே டாக்டர், ஏன்?" என்று கேட்டார். டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், இரண்டு யூனிட் கூட்டி எழுதினார், அடுத்தவருக்கு மணி அடித்தார். கேள்வி அப்படியே நின்றது. ஊசி போடும் இடத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் குழுவில்தான் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் போலி இல்லை. திருச்சிப் பக்கத்துப் பெண்மணி ஒருவர், இருபது வருடமாக ஊசி போடுகிறவர், "தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குத்துகிறீர்களா அண்ணா? தடவிப் பாருங்கள், கட்டியாக இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டுவிடும். அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. சர்க்கரை ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார், மறுபடியும் அதே கட்டியில் குத்துவோம். அந்தம்மா இதோடு விடவில்லை. "இடத்தை மாற்றினால் மருந்து முழுதாக இறங்கிச் சர்க்கரை சட்டென்று குறைந்துவிடலாம். அதனால் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொண்டு மாற்றுங்கள்" என்றும் எழுதியிருந்தார்.

நோயைச் சுமக்கிறவர்தான் இப்படிச் சொல்ல முடியும். தன் எல்லை எதுவென்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அத்தானுக்கு அந்தம்மாவின் மேல் வந்த நம்பிக்கை மொத்தக் குழுவின் மேலும் படிந்துவிட்டது. குழுவை நடத்தியவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான். இப்படி நாலு நல்ல நோயாளிகள் சம்பளம் இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் கடை தானாக நடக்கும்.

முதலில் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு வார இணைய முகாம். கூரியரில் ஒரு பொட்டலம் பொடி வந்தது. "பொடியை நாக்கில் ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போடுங்கள்" என்றார் திரையில் பயிற்சியாளர். நானும் அன்று அங்கே இருந்தேன், நானும் போட்டுப் பார்த்தேன். இனிப்பே இல்லை, வாய் நிறைய ஆற்று மணல். "நாக்கிலேயே சர்க்கரையைக் கொன்றுவிட்டதே, ரத்தத்தில் சும்மா விடுமா?" என்றார். திரையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

அது சிறுகுறிஞ்சான். அந்த இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைச் சிறிது நேரம் மறைத்துவிடும், அவ்வளவுதான். பிறகு இனிப்பு திரும்பிவிடும். விழுங்கிய சர்க்கரை ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சிறுகுறிஞ்சானை நான் குறைத்துப் பேசவில்லை, சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக இருக்கும் மூலிகை. நாக்கில் நடப்பதைக் காட்டி ரத்தத்துக்கு உறுதி கொடுப்பது வித்தை.

அடுத்து ஆங்கிலத்தில் ஓர் ஆய்வைக் காட்டினார்கள். பிரிட்டனில் 2017-இல் வெளிவந்த 'டைரக்ட்' ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நிலைக்கு வந்தார்கள் என்பது உண்மையான முடிவு. தொடக்கத்திலேயே அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தியதும் உண்மை. குழுவில் சொல்லாமல் விட்டதை நான் பிறகு தேடிப் படித்தேன். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எடை மிகுந்தவர்கள்; நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள்; ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும் உண்டு, மருத்துவக் கண்காணிப்பில் பல கிலோ குறைத்தவர்கள். இன்சுலின் போடுகிறவர்களை அதில் சேர்க்கவே இல்லை. பதினாறு வருட நோயும் இன்சுலின் ஊசியும் உள்ள 58 கிலோ மனிதருக்கு அதைக் காட்டி, "நீங்களும் வெளியே வரலாம் ஐயா" என்றார்கள்.

பிறகு மூன்று மாதத் திட்டம், 24,000 ரூபாய். நிறுவனக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் கூகுள் பே எண்ணுக்கு. சோறு, இட்லி எல்லாம் நின்றன. முதல் வாரத்தில் சர்க்கரை இறங்கியது. மாவுச்சத்தை நிறுத்தினால் இறங்கத்தான் செய்யும். பெயரைப் பொடி தட்டிக்கொண்டு போனது. சர்க்கரை அளவு இறங்கியதைப் பார்த்ததும் இரவு ஊசியை நிறுத்தச் சொன்னார்கள், அடுத்துக் காலை ஊசியையும். "டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், குழப்பிவிடுவார்" என்பதும் அறிவுரையில் அடக்கம். சர்க்கரை மறுபடி ஏறியபோது, "உடலில் தேங்கிய நச்சு வெளியேறுகிறது" என்றார்கள். எடை 53-க்கு வந்தபோது குழுவில் கோப்பைப் படம் போட்டு வாழ்த்தினார்கள். இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் சிறுநீரில் விட்டுவிட்டு, தன் தசையையும் கொழுப்பையும் கரைத்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்குத்தான் அந்தக் கோப்பை.

"ஊசியை நிறுத்தச் சொன்னது எந்த டாக்டர்? பதிவு எண் என்ன?" என்று திருச்சி அம்மா குழுவிலேயே கேட்டார். அன்று மாலைக்குள் அவரை நீக்கிவிட்டார்கள். குழுவில் செய்திகள் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி வைத்திருந்ததால், மறுநாள் அவர் கேட்ட சுவடுகூட இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வாந்தி தொடங்கியது. அக்கா பயிற்சியாளரை அழைத்தாள். "பயப்படாதீர்கள் அக்கா, வாந்தி நல்ல அறிகுறி, எலுமிச்சைச் சாறு கொடுங்கள்" என்றார் அவர். மாலையில் நான் போனபோது அத்தான் கட்டிலில் சாய்ந்து, மாடி ஏறி வந்தவர்போல் ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மூச்சில் அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை. மருத்துவமனையில் சர்க்கரை 500-ஐத் தாண்டியிருந்தது, சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்). இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாகிவிடும் இந்த நிலை உயிரை எடுத்துவிடும். சர்க்கரைக்காரருக்கு வாந்தி, வயிற்றுவலி, இந்த மாதிரி மூச்சு, பழ வாடை, மயக்கம் என்று எது வந்தாலும் யாருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காமல் வண்டியைப் பிடியுங்கள். காய்ச்சலிலோ சாப்பிட முடியாத நாளிலோ இன்சுலினைத் தாமாக அடியோடு நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும் என்பதை இந்த மருத்துவமனையில்தான் எங்களுக்கு முதன்முறையாகச் சொன்னார்கள். சொன்னவர் ஒரு செவிலியர். அத்தானின் வயிற்றில் பேனாவால் கட்டம் போட்டு, எந்த வாரம் எந்தக் கட்டத்தில் குத்த வேண்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து காட்டினார். பதினாறு வருடத்தில் யாரும் ஒதுக்காத அரை மணி நேரம்.

திருச்சி அம்மாவைத் தேடிப் பிடித்துவிட்டோம். நீக்கப்பட்ட சிலருடன் அவர் ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறார். அங்கே விற்பனை கிடையாது. மருந்தின் அளவைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும், "டாக்டரைக் கேளுங்கள்" என்பதுதான் பதில். வெயில் காலத்தில் இன்சுலினை எப்படி வைப்பது, கல்யாணப் பந்தியில் எதை விடுவது, ராத்திரி சர்க்கரை மிகவும் இறங்கி வியர்த்து நடுங்கினால் கையில் என்ன இருக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். அத்தான் இப்போது அங்கே இருக்கிறார்.

பணத்தைக் கேட்டோம். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "நாங்கள் விற்பது உணவுப் பொருள் மட்டுமே. குழுவில் பகிரப்படுபவை பங்கேற்பாளர்களின் சொந்தக் கருத்துகள்." பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில், 'இது மருந்து அன்று' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கூடவே பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண். அது உணவுத் தொழில் நடத்துவதற்கான எண், நோயைத் தீர்க்கும் என்பதற்கு அரசு கொடுத்த சான்று இல்லை. அந்த எண்ணைக் காட்டித்தான், "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று முகாமில் சொன்னார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. 'உணவு' என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்வது இதனால்தான்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. செய்திகள் அழிவதற்குள் ஒவ்வொன்றையும் தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள். அக்கா பயிற்சியாளரோடு பேசியது அவளுடைய கைப்பேசியில் தானாகப் பதிவாகியிருந்தது. இப்போது எங்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆதாரம் அதுதான். மீதிப் பொடியைக் கொட்டிவிடாதீர்கள். மூலிகைப் பொடி என்று விற்றவற்றில் கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தைக் கலந்திருந்தது பல நாடுகளில் ஆய்வகச் சோதனையில் அகப்பட்டிருக்கிறது. எங்களுடைய பொட்டலம் பிரிக்காமல் இரண்டு இருக்கிறது, சோதனைக்கு அனுப்பக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.