ரைசன் 7 9800எக்ஸ்3டி: கேம் ஆடுபவர்களுக்கான ப்ராசஸர்

கேமுக்காகவே ஒரு கம்ப்யூட்டர் கட்டப்போகிறீர்கள் என்றால் ஏஎம்டியின் இந்த ப்ராசஸரைத் தயங்காமல் எடுக்கலாம். கணக்குப் போடும் பகுதிகளான கோர்கள் 8தான், ஆனால் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் கேம் அடிக்கடி கேட்கும் தரவுக்காக ஒவ்வொரு முறையும் ராமிடம் போக வேண்டியதில்லை, அதனால் கூட்டம் நிறைந்த காட்சிகளில்கூட ஃப்ரேம் ரேட் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) திடீரென்று சரிவது நன்றாகவே குறைகிறது. முந்தைய 7800எக்ஸ்3டியில் கோர்களுக்கு மேலே இருந்த கூடுதல் கேஷை இதில் அடியில் வைத்துவிட்டார்கள், சூடு சுலபமாகக் கூலருக்குப் போகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் இதுதான். பெட்டியில் கூலர் வராது, நல்லதாக ஒன்று தனியாக வாங்குங்கள். அப்புறம், டிடிஆர்5 6000 ராம் போட்டால் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) எக்ஸ்போவை, அதாவது ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்கை, ஆன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் குறைந்த வேகத்திலேயே ஓடும். 4கே ரெசல்யூஷனில் மட்டும் ஆடுபவரா? சரி, முதலில் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பணத்தை ஒதுக்குங்கள், அங்கே இந்த ப்ராசஸரின் பலம் பெரும்பாலும் தெரியாது.