கிறிஸ்மஸ் சீட்டு கட்டினேன், தீபாவளி மிச்சம் வந்தது

இந்த வாரம் எங்கள் தெருவுக்குப் புதுக் கிறிஸ்மஸ் சீட்டுக் கார்டு வந்துவிட்டது. போன வருஷம் ரோஸ் நிறம், இந்த வருஷம் பச்சை. அதே கிறிஸ்மஸ் தாத்தா படம், அதே ‘மாதம் 500 மட்டும்’. கம்பெனிப் பெயர்தான் வேறு. அதைப் பார்த்ததும், போன வருஷம் நான் ஏமாந்ததை எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். ஜனவரியில்தான் இந்தக் கார்டுகள் வீடு வீடாகப் போகும். நாலு மாசம் கட்டிவிட்டால் அப்புறம் நிறுத்த மனசு வராது.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அவருக்கு ஒரு பிரஸ்ஸில் வேலை, நான் வீட்டில் தையல். இரண்டு பிள்ளைகள், கூட மாமியார். கிறிஸ்மஸ் 25ஆம் தேதி வருகிறது. சம்பளம் வாங்குகிற வீட்டில் 25ஆம் தேதி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போனஸோ தீபாவளிக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்களை மாதிரி வீடுகளில் அதை டிசம்பர் வரை பொத்திப் பொத்தி வைக்க வேண்டும். எங்கே நிற்கிறது? நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு கல்யாண மொய், வண்டிக்கு ஒரு டயர் என்று போய்விடும். பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸுக்கு ஒரு துணி, புது வருஷ ஆராதனைக்கு ஒரு துணி. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கேக். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு கொடுத்த வீடுகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாட்டுப் பாடி வரும் பஜனைக்காரர்களுக்குக் காபியும் காணிக்கையும். கறி எடுத்தாக வேண்டும், சீரகச் சம்பா வாங்கியாக வேண்டும். இழுத்துப் பிடித்தாலும் 25,000 ரூபாயைத் தொட்டுவிடும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் சபையில் இருக்கும் ஒரு அக்கா கார்டைக் கொண்டுவந்தார். மாதம் 500 ரூபாய், ஜனவரி முதல் நவம்பர் வரை 11 மாதம். மொத்தம் 5,500 கட்டினால், டிசம்பர் முதல் வாரத்தில் 7,500 ரூபாய் மதிப்புள்ள மளிகைச் சாமானும் பாத்திரமும் பரிசுப் பெட்டியும் கிடைக்கும். நான் இரண்டு கார்டு போட்டேன். அது போதாது என்று என் ஓரகத்தியையும் சேர்த்துவிட்டேன். அந்த அக்காவுக்குப் பத்துக் கார்டு பிடித்தால் ஒரு கார்டு இலவசமாம். அவருக்கு அவ்வளவுதான் லாபம், அதையும் மறைக்காமல்தான் சொன்னார்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் ஜனவரியில் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது, டிசம்பரில்தான் போட்டேன். இரண்டு கார்டுக்கு 11,000 கட்டுகிறேன், 15,000க்குப் பொருள் தருகிறேன் என்கிறான் கம்பெனிக்காரன். அதிகப்படி 4,000. ஆனால் 11,000மும் முதல் நாளிலிருந்தே அவன் கையில் இல்லை. ஜனவரிப் பணம் 11 மாதம் இருக்கும், நவம்பர்ப் பணம் ஒரே மாதம். சராசரியாக ஆறு மாதம். ஆறு மாதத்தில் 11,000க்கு 4,000 என்றால் வருஷத்துக்கு நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வட்டி! இதே பணத்தை ஆறரை சதவீத வட்டிக்கு வங்கியில் மாதாமாதம் போட்டிருந்தால் சுமார் 360 ரூபாய்தான் கிடைத்திருக்கும். எந்த வியாபாரத்தில் எழுபது சதவீதம் சம்பாதித்து எனக்குக் கொடுப்பான்? மொத்தமாகக் கொள்முதல் செய்வதால் மலிவு என்று அக்கா சொன்னார். நானும் தலையாட்டினேன். பிளவுஸ் துணியில் கால் மீட்டர் குறைந்தால் கண்டுபிடித்துவிடுகிற எனக்கு இது உறைக்கவில்லை.

கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் சில விதிகள் இருந்தன. ஒரு மாதம் தவறினால் பரிசுப் பெட்டி கிடையாது. நடுவில் நிறுத்தினால் கட்டியதில் முக்கால் பங்குதான் திரும்பும். பொருட்களின் தரம், அளவு, பிராண்டு எல்லாம் ‘நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது’. பதிவு எண் எதுவும் இல்லை. முகவரி என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறை, கூட ஒரு செல் நம்பர். பணம் கட்டியதற்கு அடையாளம் அந்தக் கட்டத்தில் அக்கா போடும் கையெழுத்துதான்.

டிசம்பர் 5 வந்தது, பொருள் வரவில்லை. லோடு வரவில்லையாம். 12 என்றார்கள். 12ஆம் தேதி, 18 என்றார்கள். அக்காவிடம் கேட்டால், “எல்லாம் வந்துரும் பிள்ள. நம்ம சபைக்காரங்ககிட்ட நான் பொய் சொல்லுவனா?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் சொன்னதை அப்படியே நம்மிடம் சொன்னார்.

18ஆம் தேதி ஒரு குட்டியானை வண்டி தெருமுனையில் வந்து நின்றது. கூட்டமான கூட்டம். இரண்டு கார்டுக்கும் சேர்த்து எனக்கு ஒரு பைதான் கிடைத்தது. இன்னொன்று 22ஆம் தேதி என்று கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் 5 கிலோ அரிசி, 2 கிலோ மைதா, ரவை, பாசிப்பருப்பு, கிஸ்மிஸ் ஒரு பொட்டலம், மூன்று பாட்டில் எண்ணெய், ஒரு எவர்சில்வர் தூக்கு, பரிசுப் பெட்டி. பருப்பைச் சுளகில் கொட்டினேன். வண்டு ஓடியது. கிஸ்மிஸ் ஒட்டிப்போய்ப் புளி உருண்டை மாதிரி இருந்தது. தூக்கில் 1,450 ரூபாய் என்று ஸ்டிக்கர். கையில் எடுத்தால் தகரம் மாதிரி அமுங்குகிறது.

சரி, எண்ணெயாவது மிச்சம், முறுக்குச் சுட ஆகும் என்று ஒரு பாட்டிலைத் திறக்கப் போனேன். மாமியார் பக்கத்தில் இருந்தார். கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தோம். “ஏட்டி, இதுல விளக்கு படம்லா போட்டிருக்கு” என்றார். தீப எண்ணெய்! லேபிளின் அடி ஓரத்தில் ‘சமையலுக்கு அல்ல’ என்று எறும்பு சைஸ் எழுத்து. அதற்குள் என் மகள், பரிசுப் பெட்டி மேல் ஒட்டியிருந்த கிறிஸ்மஸ் தாத்தாவை நோட்டில் ஒட்டலாம் என்று உரித்துக்கொண்டிருந்தாள். தாத்தாவுக்கு அடியில் ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’. பெட்டிக்குள் நமத்துப்போன கம்பி மத்தாப்பு.

தீபாவளிச் சீட்டில் மிஞ்சியதை எங்கள் தலையில் கட்டியிருக்கிறான். எங்கள் தெருக் கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா இருந்தா 1,300, 1,400 போகும்மா. இதை நான் கடையில வைக்க மாட்டேன்” என்றார். 22ஆம் தேதி அந்த மாடி அறைக்குப் போனோம். பூட்டு. செல் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். எங்களுக்கு முன்பே படியில் ஐம்பது அறுபது பெண்கள். ஒரு அம்மா ஏழு கார்டு போட்டிருந்தார்கள், வீட்டு வேலை செய்த காசு.

போலீஸ் ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். இந்த மாதிரி வழக்குகள் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போகும் என்றும் சொன்னார்கள். அங்கே ஒரு வக்கீல் தம்பி விளக்கியதைச் சொல்கிறேன். சீட்டு நடத்துவதென்றால் 1982ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். இந்தப் பண்டிகைக் கார்டு ஏலச் சீட்டு மாதிரி இல்லை, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குகிற கதைதான். அதற்குத் தமிழ்நாட்டில் 1997ஆம் வருஷத்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பணமாகத் தராமல் பொருளாகத் தருகிறேன் என்று வாங்கினாலும் அதற்குள் வரும். சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, கட்டியவர்களுக்குப் பிரித்துத் தர வழி உண்டு. முடக்கச் சொத்து இருந்தால்! 2019இல் மத்திய அரசும், முறைப்படுத்தாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்து தனியாகச் சட்டம் போட்டது. ஆக, சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. என் 11,000 எப்போது வரும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. விசாரணை நடப்பதால் கம்பெனிப் பெயரை இங்கே எழுதவில்லை.

பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறதென்றால், ஆறு மாதம் நான் ஜிபே மூலம் அனுப்பியிருந்தேன். கையில் காசாகக் கொடுத்தவர்களைவிட எங்களுக்குப் புகார் எழுதுவது சுலபமாக இருந்தது. என் ஓரகத்தி கோபத்தில் கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கார்டைக் கிழிக்காதீர்கள், பையையும் சாமானையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

நம் ஊர்க்காரர்கள்தான் ஏமாளிகள் என்று நினைத்துக் கூனிக் குறுகிப் போயிருந்தேன். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் போனில் ஒரு கதை சொன்னாள். அங்கே ஃபேர்பாக் என்று ஒரு கம்பெனி, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வாங்கிக் கிறிஸ்மஸுக்கு உணவுக் கூடையும் கடைக் கூப்பனும் கொடுத்துக்கொண்டிருந்தது. 2006 அக்டோபரில், பண்டிகைக்குப் பத்து வாரம் இருக்கும்போது மூழ்கிவிட்டது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டியிருந்தார்கள். போனது நாலு கோடி பவுண்டுக்குப் பக்கம். அங்கேயும் பணம் பிரித்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். சொந்தக்காரர்களிடமும் கூட வேலை பார்ப்பவர்களிடமும் வாங்கிக் கட்டியவர்கள். பல வருஷம் கழித்து ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்ததாம். கேட்டபோது ஒரு அற்ப ஆறுதல், அவ்வளவுதான்.

பண்டிகை எப்படிப் போனது என்று கேட்பீர்கள். போனஸில் மிஞ்சியிருந்தது 6,400. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு துணி எடுத்தோம், புது வருஷத்துக்கும் அதையே துவைத்துப் போட்டார்கள். எனக்கு எடுக்கவில்லை, அவருக்கு ஒரு வேட்டி, அதுவும் மாமியார் திட்டியதால். கேக் அரைக் கிலோவோடு சரி. பக்கத்து வீடுகளுக்குக் கேக்குக்குப் பதில் அச்சுமுறுக்கு கொடுத்தேன். அரிசி மாவு, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள் பன்னிரண்டு வீட்டுக்கு ஆனது. ஒன்று சொல்ல வேண்டும், யாருமே கேக் எங்கே என்று கேட்கவில்லை. நான்தான் வருஷா வருஷம் 2 கிலோ பிளம் கேக் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த வருஷத்துக்கு வங்கியில் 12 மாத ஆர்.டி. போட்டிருக்கிறேன், மாதம் 1,000. போஸ்ட் ஆபீஸில்தான் முதலில் கேட்டேன். அங்கே ஆர்.டி. 5 வருஷக் கணக்கு, 3 வருஷம் முடியாமல் முடித்துக்கொள்ள முடியாது. பிள்ளைகள் படிப்புக்கு ஆகும், கிறிஸ்மஸுக்கு ஆகாது. வங்கியில் கட்டுவதிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஜனவரியில் ஆரம்பித்தால் 12 மாதம் முடிவது அடுத்த ஜனவரி, பண்டிகை போயிருக்கும். டிசம்பரிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாததால் ஜனவரியில் போட்டேன்; வட்டி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். பிள்ளைகள் துணியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்து வைப்பதாக இருக்கிறேன். வளர்கிற பிள்ளைகள், ஒரு இன்ச் உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் ஆயிற்று.

தீப எண்ணெய் மூன்று பாட்டிலையும் எதிர் வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டில் தினமும் விளக்கேற்றுவார்கள். அவர்களும் முகர்ந்து பார்த்துவிட்டு, புகை வரும் போலிருக்கே என்றார்கள்.

கார்டு பிடித்துக் கொடுத்த அக்கா மூன்று வாரம் ஆலயத்துக்கு வரவில்லை. யாரோ அவர் வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறார்கள். எங்கள் ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போய்ப் பேசிக் கூட்டி வந்தார். அவருடைய மூன்று கார்டும்தான் போயிருக்கிறது, அந்த இலவசக் கார்டையும் சேர்த்து. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் கையில் 200 ரூபாயை மடித்து வைத்தார். “மாசம் இவ்வளவுதான் பிள்ள முடியும், எழுதி வச்சுக்கோ” என்றார். அவருக்கு முப்பத்தெட்டுக் கார்டுக்காரர்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் பைபிளுக்குள் இருந்தது.