டாய்ச்லாண்ட் டிக்கெட்டா, பான்கார்டா? நியூரம்பெர்க்கிலிருந்து ஒரு கணக்கு

இங்கே ஜெர்மனியில் எங்கள் அலுவலகத்தில் போன மாதம் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர், ரயில் பயணத்துக்கு எது நல்லது என்று கேன்டீனில் கேட்டார்: "அண்ணா, டாய்ச்லாண்ட் டிக்கெட், பான்கார்டு, ரெண்டுல எது எடுக்கணும்?" இரண்டையும் வைத்திருந்து பார்த்தவன் என்பதால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். மதிய இடைவேளை முழுக்கப் போய்விட்டது. அவருக்குச் சொன்னதையும், அப்போது விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பான்கார்டுக்கும் வருமான வரிக்கும் சம்பந்தமில்லை. ஜெர்மனில் 'பான்' என்றால் ரயில். ஆண்டுக்கு 60 யூரோ சொச்சம் கட்டி 'பான்கார்டு 25' வாங்கிவிட்டால் ஐசிஇ மாதிரி விரைவு ரயில் டிக்கெட்டுகளில் 25 சதவீதம் குறையும். டாய்ச்லாண்ட் டிக்கெட் வேறு ரகம். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுக்க உள்ள உள்ளூர், வட்டார ரயில்கள், மெட்ரோ, டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் மட்டும் ஏறக் கூடாது.

நான் வந்தது 2022 இலையுதிர் காலத்தில். அந்தக் கோடையில் மூன்று மாதம் மட்டும் இருந்த 9 யூரோ டிக்கெட் அப்போதுதான் முடிந்திருந்தது. அலுவலகத்தில் ஆளாளுக்கு அதில் போன ஊர்களின் கதையைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்கள். அந்த வருடம் பான்கார்டு வைத்திருந்தேன். 2023 மே மாதம் டாய்ச்லாண்ட் டிக்கெட் 49 யூரோவுக்கு வந்தது. கொஞ்சம் யோசித்து அந்த வருடக் கடைசியில் மாறினேன். 2025இல் 58, இப்போது 63 என்று ஏறிவிட்டது. ஏற ஏற முணுமுணுத்தேன், ஆனால் விடவில்லை.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தினமும் மெட்ரோவிலோ டிராமிலோ அலுவலகம் போகிறவர்கள் எப்படியும் ஏதோ ஒரு மாதப் பாஸ் எடுக்கத்தான் போகிறீர்கள். நிறுவனம் குறைந்தது 25 சதவீதம் கொடுக்க முன்வந்தால் அரசுத் தரப்பில் இன்னும் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அப்படியானால் உங்கள் கையிலிருந்து போவது அதிகபட்சம் 44 யூரோ 10 சென்ட். அலுவலகம் போக எடுத்த பாஸ் அது, ஞாயிற்றுக்கிழமைப் பயணம் தீபாவளி மலரோடு வரும் இலவச இணைப்பு. மாணவர்களுக்கு இந்தக் கேள்வியே பெரும்பாலும் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்தோடு அந்த டிக்கெட் சலுகை விலையில் வந்துவிடும்.

வீட்டிலிருந்தே வேலை, மெட்ரோ பக்கமே போவதில்லை, வருடத்துக்கு நான்கு முறை பெர்லினில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவேன் என்பவர்கள் மேலே படிக்க வேண்டாம். பான்கார்டு எடுங்கள். இங்கிருந்து பெர்லினுக்கு ஐசிஇயில் மூன்று மணி நேரம்தான். வட்டார ரயில்களிலேயே போனால் ஏழெட்டு மணி நேரம், மூன்று நான்கு வண்டி மாற வேண்டும். ஒரு முறை அப்படிப் போயிருக்கிறேன். போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டில் சாப்பாட்டைச் சூடு பண்ணி ஆறவிட்டு மறுபடி சூடு பண்ணியிருந்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பணமோ வேகமோ இல்லை, தேதி. பான்கார்டு வைத்திருப்பவர் மலிவாகப் போக வேண்டும் என்றால் 'சூப்பர் ஷ்பார்பிரைஸ்' என்ற முன்பதிவு டிக்கெட்டைத்தான் தேடுவார். இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்தால் விலை நன்றாக இருக்கும். ஆனால் அந்த நாள், அந்த ஐசிஇ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. ரத்து செய்தால் பணம் திரும்பாது. முந்தின ரயிலில் ஏற முடியாது, அடுத்த ரயிலிலும் முடியாது. வண்டி தாமதமாகி, போய்ச் சேரும் நேரம் 20 நிமிடமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும் என்றால்தான் அந்தக் கட்டு அவிழும்.

முதல் வருடம் மே மாதத்தில் லிண்டாவ் என்ற ஊருக்கு அப்படி ஒரு டிக்கெட் எடுத்தேன். போடன்சே ஏரிக்குள் தீவாக இருக்கும் பழைய ஊர். துறைமுக வாயிலில் ஒரு பக்கம் கல் சிங்கம், இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கம், பின்னால் ஆல்ப்ஸ் மலை. படத்தில் அப்படித்தான் இருந்தது. மூன்று வாரம் முன்பே எடுத்ததில் நல்ல விலை, பெருமையாக வேறு இருந்தது. போன அன்று காலையிலிருந்து மழை. மழை என்றால் நம் ஐப்பசி மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற ரகம் இல்லை. நசநசவென்று நாள் முழுக்கத் தூறும், கூடவே குளிர்காற்று. ஆல்ப்ஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. சிங்கத்தைப் பார்த்தேன். சிங்கமும் நனைந்துகொண்டுதான் இருந்தது. ஒரு கடையில் காபி குடித்தேன், அப்புறம் இன்னொரு கடையில் காபி குடித்தேன். திரும்பும் ரயில் மாலை ஆறரைக்கு. மதியமே கிளம்பியிருப்பேன், டிக்கெட் விடவில்லை.

மே மாத ஜெர்மனியில் மூன்று வாரத்துக்கு முன்பே வானிலையைச் சொல்ல யாராலும் முடியாது. முந்தின நாள் ராத்திரி செயலியைப் பார்த்தால் ஓரளவு தெரியும். அந்த முந்தின ராத்திரி முடிவெடுக்கும் வசதிக்குத்தான் 63 யூரோ கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே மழையா, வடக்கே பாம்பெர்க் போகிறேன். ஆற்றின் நடுவே நிற்கும் பழைய நகர மன்றத்தைப் பார்த்துவிட்டு, புகை வாசனை அடிக்கும் அந்த ஊர் பியரை ஒரு வாய் குடித்துவிட்டு (இரண்டாம் வாய் உங்கள் விருப்பம்) திரும்பிவிடலாம். எல்லாத் திசையிலும் மழையா, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறேன். ஒரு சென்ட் நஷ்டமில்லை. "டிக்கெட் எடுத்தாச்சே" என்பதற்காக ஒரு ஊருக்குப் போவது எவ்வளவு பெரிய தண்டனை என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதே வசதி நடுவழியிலும் கிடைக்கும். வியூர்ட்ஸ்பர்க் அரண்மனையைப் பார்க்கக் கிளம்பினேன். வழியில் இப்ஹோஃபென் வந்தது. ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டம், அதன் கீழே மதில் சுற்றிய சின்ன ஊர். கதவு மூடுவதற்குள் இறங்கிவிட்டேன். அரண்மனைக்கு அடுத்த ஞாயிறு போனேன். ஐசிஇ அந்த நிலையத்தை வேகமாகக் கடந்து போய்விடும். நின்றாலும் முன்பதிவு டிக்கெட்டில் போகிறவர் இறங்க யோசிப்பார்.

தப்பு செய்தால் என்ன ஆகும் என்பதும் இதில் சேர்த்திதான். மியூனிக்கிலிருந்து டேகர்ன்சே ஏரிக்குப் போகும் ரயில் வழியில் இரண்டு இடத்தில் பிரியும். ஹோல்ட்ஸ்கிர்கெனில் ஒரு துண்டு பைரிஷ்ட்செல் பக்கம் போகும். மிச்சம் ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரிந்து ஒன்று லெங்கிரீஸுக்கும் மற்றது டேகர்ன்சேவுக்கும் போகும். அறிவிப்பெல்லாம் ஒழுங்காகச் செய்தார்கள். நான்தான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தப்பான துண்டில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஏரி தெரிந்ததும் இறங்கினேன். பெயர்ப் பலகையில் ஷ்லியர்சே என்று இருந்தது. வேறு ஏரி! சரி, ஏரிதானே என்று அதைச் சுற்றி நடந்தேன், கொண்டுபோன தயிர்சாதத்தைக் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். டேகர்ன்சேவுக்கு அப்புறம் இரண்டு முறை போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஷ்லியர்சேதான் பிடித்திருக்கிறது. (தயிர்சாதம் என்றதும் ஞாபகம் வருகிறது: ஞாயிறு இங்கே கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகளை நம்பலாம், கிராமத்து நிலையத்தில் தண்ணீர்கூடக் கிடைக்காது. டப்பா கட்டிக்கொண்டு போங்கள்.)

வேகம் குறைவு என்பது பெரிய குறையாயிற்றே என்று கேட்கலாம். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. நியூரம்பெர்க்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மியூனிக்குக்கு இங்கோல்ஷ்டாட் வழியாகப் போகும் ஆர்இ என்ற வட்டார ரயில், ஐசிஇக்காகப் போட்ட அதே அதிவேகப் பாதையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. ஐசிஇ ஒரு மணி பத்து நிமிடம் என்றால் இது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி. அரை மணி நேரச் சொச்சத்துக்காக நான் தனி டிக்கெட் எடுக்க மாட்டேன். ஃபிராங்க்பர்ட்டிலிருந்து கொலோன் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஐசிஇ ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட எடுத்துக்கொள்ளும், வட்டார ரயில்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆனால் அந்த அதிவேகப் பாதையில் சுரங்கம் விட்டால் நெடுஞ்சாலை. மெதுவான ரயில் ரைன் நதியை ஒட்டியே போகிறது, வளைவுக்கு வளைவு மலைமேல் ஒரு கோட்டை. அதிவேகப் பாதை திறந்த 2002ஆம் ஆண்டில்தான் யுனெஸ்கோவும் அந்த நதிப் பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டையும் ஒரே நாளில், போக ஒன்று வர ஒன்று என்று போய்ப் பாருங்கள்.

பான்கார்டு ஜெயிக்கும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். நேரம் குறித்த வேலை என்றால் நான் இன்றும் ஐசிஇதான் எடுப்பேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க மியூனிக் இந்தியத் துணைத் தூதரகத்துக்குப் போன அன்று முன்பதிவு டிக்கெட், உறுதியான இருக்கை. பெரும்பாலான வட்டார ரயில்களில் இருக்கை பதிய முடியாது. கோடை ஞாயிறு காலையில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் இருக்கும் கார்மிஷ் பக்கம் போகும் ரயிலில் சைக்கிள், நாய், குழந்தை வண்டி நடுவே ஒற்றைக் காலில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். தாமத இழப்பீட்டிலும் டாய்ச்லாண்ட் டிக்கெட் பரிதாபம். ஐசிஇ ஒரு மணி நேரம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் பாதி திரும்பக் கிடைக்கும். நமக்கு ஒரு தாமதத்துக்கு 1 யூரோ 50 சென்ட். அதுவும் 4 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் கொடுக்க மாட்டார்கள், மூன்று தாமதங்களைச் சேர்த்து வைத்து விண்ணப்பிக்க வேண்டும். நான் இதுவரை விண்ணப்பித்ததில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இந்த டிக்கெட்டை இரவல் கொடுக்கவும் முடியாது, பெயர் போட்டது. அவர்களுக்குப் 'பயர்ன் டிக்கெட்' எடுங்கள். ஒரு நாளுக்கு நம் பவேரியா மாநிலம் முழுக்கச் செல்லும், ஐந்து பேர் வரை சேரலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை குறையும். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். உங்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் உங்களை அதில் எண்ணவே வேண்டாம். எங்கள் அம்மாவைச் சால்ஸ்பர்க் கூட்டிப்போனது அப்படித்தான். ஆஸ்திரியாவுக்குள் இருந்தாலும் சால்ஸ்பர்க் நிலையம் வரை இரண்டு டிக்கெட்டுமே செல்லும். திரும்பும்போது எல்லையில் போலீஸ் ஏறிச் சோதிக்கலாம், பாஸ்போர்ட்டும் விசா அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

பஸ்? ஃபிளிக்ஸ்பஸ் மலிவு, ராத்திரிப் பயணத்துக்கு ஓகே, அதே தேதிக் கட்டு. கார் பற்றி, நண்பர் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன அனுபவத்தில்தான் பேச முடியும். இந்திய லைசன்ஸ் ஆறு மாதம்தான் செல்லும். அதன்பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் மறுபடி எழுதி ஜெர்மன் லைசன்ஸ் வாங்க வேண்டும். அப்புறம் காப்பீடு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தகுதிச் சோதனை, குளிர்கால டயர். ரயில் போகாத கிராமங்களுக்கும் மலைப் பாதைகளின் தொடக்கத்துக்கும் கார்தான் வசதி, மறுக்கவில்லை. ஞாயிறு மாலை நெடுஞ்சாலை நெரிசலில் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க நான் தூங்கிவிடுவேன் என்பதால் எனக்குக் காரும் பிடிக்கும்.

எடுக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். ரயில் செயலியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும் ரயில்களை மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டி இருக்கிறது, முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். தெரியாமல் ஐசிஇயில் ஏறிவிட்டு "ஸாரி" சொன்னால் கேட்க மாட்டார்கள். இன்னொன்று, இரண்டுமே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. பான்கார்டை நிறுத்த மறந்தால் இன்னொரு வருடம், டாய்ச்லாண்ட் டிக்கெட்டை மறந்தால் ஒரு மாதம். ஒரு மாதத்தின் 10ஆம் தேதிக்குள் நிறுத்தினால் அந்த மாதத்தோடு முடியும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஜனவரியில் வேண்டாம் என்றால் டிசம்பர் 10க்குள் சொல்ல வேண்டும். போன முறை எனக்கு 12ஆம் தேதிதான் ஞாபகம் வந்தது. ஜெர்மனியின் எல்லா டிராமிலும் செல்லும் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.