நாகர்கோவில் மண் பரிசோதனை லேப்: வேலை சுத்தம், ரிப்போர்ட் மட்டும் மொட்டை

எங்கள் மனை மார்த்தாண்டம் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது, மதிலுக்கு அந்தப் பக்கம் முன்பு பேட்டரிக் கடை. கீரையும் மரச்சீனியும் போடுமுன் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நாகர்கோவிலில் ஒரு தனியார் லேபில் மண்ணைக் கொடுத்தேன். அரசு கொடுக்கிற மண்வள அட்டை போதாதா என்று கேட்பீர்கள். அதில் பார்ப்பது 12 விஷயம், தழை மணி சாம்பல் சத்தில் தொடங்கி துத்தநாகம், செம்பு, போரான் வரை. ஈயமும் காட்மியமும் மாதிரி நச்சு உலோகங்கள் கிடையாது.

மண் எடுக்கச் சொல்லிக்கொடுத்ததற்கு முழு மார்க். துருப்பிடித்த மண்வெட்டியும் தகர வாளியும் வேண்டாம், பிளாஸ்டிக் போதும் என்றார்கள். ரோட்டோரம், நடு மனை, மதில் ஓரம் மூன்றையும் கலக்காமல் தனித்தனிப் பையில் கேட்டார்கள். ஈயம் சீக்கிரம் கீழே இறங்காது, மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் ஆழமாகத் தோண்டிக் கலந்தால் அளவு குறைத்துக் காட்டும் என்று அங்கிருந்த அக்கா பொறுமையாக விளக்கினார். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நின்றுபோனாலும் அந்தப் புகையில் விழுந்தது ரோட்டோர மண்ணை விட்டுப் போயிருக்காது.

சரி, ரிப்போர்ட். காட்மியத்துக்கு நேராக 0.00 என்று போட்டிருந்தார்கள். கருவி எந்த அளவுக்குக் கீழே கண்டுபிடிக்காது என்றல்லவா எழுத வேண்டும்? ராஜ திராவகம் என்கிற கடும் அமிலக் கலவையில் கரைத்து அளந்தார்களா, டிடிபிஏ கரைசலில் செடிக்கு எட்டுகிற பங்கை மட்டும் எடுத்தார்களா என்பதும் இல்லை. ஒரே மண்ணுக்கு இரண்டிலும் எண் மலைக்கும் மடுவுக்குமாக மாறும். கடைசியில் 'வரம்புக்குள்' என்று ஒரு முத்திரை. யார் வைத்த வரம்பு? அமெரிக்காவில் வீட்டு மண்ணில் ஈயத்துக்கான வழிகாட்டு அளவை 2024 ஜனவரியில் 400 பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் 400 பங்கு) இருந்து 200 ஆகக் குறைத்தார்கள், எங்கள் மதில் ஓர மண் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கீரையை நடு மனைக்கு மாற்றிவிட்டேன்.

போன் பண்ணிக் கேட்டதும், ராஜ திராவகம்தான் என்று குறிப்பிட்டு, திருத்திய ரிப்போர்ட்டைக் காசு வாங்காமல் வாட்சப்பில் அனுப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கட்டணம் உலோகத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, ஐந்தாறு சேர்த்தால் கை கடிக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டிய இடத்தில் ஏத்தன் வாழை வைக்கிறவர்கள் செம்பை விடாதீர்கள், இலை உதிராமல் இருக்கச் செம்பு மருந்து அடித்திருந்தால் அதெல்லாம் அந்த மண்ணில்தான் இறங்கியிருக்கும். மணவாளக்குறிச்சி ஆட்கள் கடல் மணலில் இருக்கிற தோரியம் என்ற கதிர்வீச்சு உலோகத்துக்காகப் போக வேண்டாம், கதிர்வீச்சுக்குத் தனிப் பரிசோதனை.

மூன்றரை ஸ்டார். மண்ணைக் கொடுக்கும்போதே முறை, கண்டறியும் எல்லை, எந்த வரம்பு என்ற மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சாம்பிள் வாங்குவதில்லை, வாசலில் வண்டி நிறுத்தவும் இடம் கிடையாது.